நனாமிக்கு வந்த அழுகை கொஜோவுக்கு ஏன் வரவில்லை?

“ஜுஜுட்சு கைசென் மங்காவின் 30 தொகுதிகளையும் முடித்துவிட்டேன். நனாமி இறந்த இடத்தில் அழுதேன். கொஜோ இறந்தபோது எதுவும் தோன்றவில்லை. எழுத்து சரிந்துவிட்டதா, எனக்குத்தான் மரத்துப்போய்விட்டதா? இதைப் பற்றி ஒரு விமர்சனம் எழுத ஆசை, எங்கே தொடங்குவது?” என்று கேட்டிருக்கிறீர்கள். பேய்களை ஓட்டும் சூனியர்களைப் பற்றிய இந்த மங்காவில், அதாவது ஜப்பானியக் காமிக்ஸில், நனாமியும் கொஜோவும் நாயகன் யுஜிக்கு வழிகாட்டும் மூத்த சூனியர்கள்; கொஜோ அவனுடைய வாத்தியாரும்கூட. மேலோட்டமாகப் பார்த்தால் தொடர் நல்லதா கெட்டதா என்று கேட்பது போல இருக்கிறது. ஆனால் உங்களை உறுத்துவது வேறு. ஒரு கதையில் சாவு கூடக்கூடத் துக்கம் ஏன் குறைகிறது, அந்தக் குறைவுக்குப் பொறுப்பு எழுதியவரா படித்தவரா? இதுதான் உங்கள் கேள்வி என்று எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன். கடைசி அத்தியாயம் வரை பேசப்போவதால், இன்னும் படித்து முடிக்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்வது நல்லது.

பல ஆண்டுகளாக மங்கா விமர்சனம் எழுதிவருகிறேன். காமிக்ஸ் வரையப் பழகுபவர்களின் பக்கங்களை வாங்கிப் பார்த்து, கண் எந்தப் பேனலில், அதாவது எந்தப் படக்கட்டத்தில், தடுக்குகிறது என்று சொல்லும் வேலையும் செய்கிறேன். அதனால் ஒரு பக்கம் எப்படி வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் உறுதியோடு பேச முடியும். ஜப்பானிய மொழி எனக்குத் தெரியாது. இந்தத் தொடரை ஆங்கில மொழிபெயர்ப்பில்தான் படித்தேன். ஆகவே வசனத்தின் தொனி பற்றி நான் சொல்வதை அந்த அளவுக்கே எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சந்தேகத்துக்கு இடமில்லாதவை. கெகே அகுதாமி 2017ல் நான்கே அத்தியாயங்கள் கொண்ட ஒரு சிறு தொடரை வரைந்தார். இன்று நாம் 0 தொகுதி என்று படிப்பது அதுதான். முதன்மைத் தொடர் 2018 மார்ச்சில் ஷுஎய்ஷா பதிப்பகத்தின் வீக்லி ஷோனென் ஜம்ப் வார இதழில் தொடங்கி, 2024 செப்டம்பரில் 271ம் அத்தியாயத்தோடு முடிந்தது. நடுவில் 2021 ஜூனில் உடல்நலக் காரணத்துக்காகச் சில வாரங்கள் நின்றது. வாரத்துக்குச் சுமார் 19 பக்கம், ஆறரை ஆண்டு. இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

சரி, நனாமியிடம் போவதற்கு முன் இந்தக் கதையின் அடிப்படை விதி ஒன்றைப் பார்க்க வேண்டும். இந்த உலகத்தில் பயம், வெறுப்பு, வெட்கம், துக்கம் எல்லாம் மனிதர்களிடமிருந்து சாப ஆற்றலாகக் கசிகின்றன. கசிந்தது சேர்ந்து உருவம் எடுத்தால் அது சாபப் பிறவி. சூனியர்கள் அதே ஆற்றலைத் தங்களுக்குள் அடக்கி ஆயுதமாக்குகிறார்கள். ஆக, பேயும் பேயை ஓட்டுபவனும் ஒரே ஊற்றிலிருந்து வருகிறார்கள். இதை வெறும் பவர் சிஸ்டமாக, சண்டைச் சக்திகளின் விதிமுறையாக, மட்டும் படித்தால் பாதிதான் கிடைக்கும். அகுதாமி சாபம் என்ற சொல்லைப் பேச்சுக்கும் நீட்டுகிறார். அன்பைவிட முறுக்கேறிய சாபம் கிடையாது என்று 0 தொகுதியிலேயே கொஜோ சொல்லிவிடுகிறான். முதன்மைத் தொடரின் முதல் அத்தியாயத்தில் யுஜி இதாதொரியின் தாத்தா ஆஸ்பத்திரிப் படுக்கையில், “நீ பலசாலி, மற்றவர்களுக்கு உதவு. என்னைப் போலத் தனியாகச் சாகாதே” என்ற பொருளில் பேசிவிட்டுக் கண்ணை மூடுகிறார். வாழ்த்து போலத்தான் இருக்கிறது. அடுத்த 270 அத்தியாயமும் அந்தப் பையனின் கழுத்தில் கிடக்கும் சுமை அதுதான். இந்த மங்காவில் சாகிறவர்கள் வாய் திறந்தால் இருப்பவர்கள் மேல் ஏதோ ஒன்று விழுகிறது.

இப்போது 120ம் அத்தியாயத்தை மறுபடி எடுங்கள். நனாமி உடலின் ஒரு பாதி வெந்துபோய், டோக்கியோவின் ஷிபுயா ரயில் நிலையத்தின் அடித்தளத்தில் நடந்துகொண்டிருக்கிறார். அவர் நினைப்பில் மலேசியா, குவாந்தான், ஒரு கடற்கரை வீடு, வாங்கி வைத்துப் படிக்காமலே விட்ட புத்தகங்கள். மஹிதோ என்ற சாபப் பிறவி வந்து மார்பில் கை வைக்கிறான். எப்போதோ செத்துப்போன பள்ளித் தோழன் ஹைபாரா எதிரில் நின்று, அந்தப் பக்கம் வந்து நிற்கும் யுஜியைச் சுட்டிக் காட்டுகிறான். சொல்லக்கூடாது, சொன்னால் அது இந்தப் பையனுக்குச் சாபமாகிவிடும் என்று நனாமி நினைக்கிறார். நினைத்துவிட்டு, சொல்லியும் விடுகிறார்: “இனி உன் பொறுப்பு.” நம்மை அழவைப்பது சாவின் கோரம் என்றே பலர் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஒரு நல்ல மனிதர், தான் செய்வது தவறு என்று தெரிந்தே, வேறு வழியில்லாமல் ஒரு சிறுவனைச் சபிக்கிறார். தாத்தா தெரியாமல் செய்ததை இவர் தெரிந்து செய்கிறார். கதையின் விதியும் பாத்திரத்தின் குணமும் ஒரே சொல்லில் முட்டிக்கொள்கின்றன. இந்தத் தொடரின் அனிமேஷன் வடிவமான அனிமேயில் அந்தக் கடற்கரையும் இசையும் இதற்கு இன்னும் இடம் கொடுக்கின்றன. உங்கள் கண்ணீர் அங்கிருந்து வந்ததா, காகிதத்திலிருந்து வந்ததா என்று விமர்சனம் எழுதும் முன் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். எனக்குக் காகிதத்திலேயே வந்தது.

துக்கத்தை எடைபோட நான் கையில் வைத்திருக்கும் கருவி பழையது. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் அழுகை பிறக்கும் இடம் நான்கு என்கிறது: இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறர் நம்மை இகழ்வதால் வருவது இளிவு. உற்றவரைப் பறிகொடுப்பது இழவு. முன்பு நின்ற நிலையிலிருந்து சரிந்து வேறாகிப்போவது அசைவு. வறுமைக்கு, காசில்லாமை என்று மட்டும் இல்லாமல், துய்க்கக் கிடைக்காமல் போன ஒன்றின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கும் ஆசை என்றும் உரை உண்டு. ஜப்பானிய மங்காவுக்கு இது எதற்கு என்று கேட்கலாம். சோகம் என்ற ஒரே சொல்லால் எல்லாச் சாவையும் மூடிவிடாமல் இருக்க இது உதவுகிறது. நனாமியின் சாவு யுஜிக்கு இழவு. நனாமிக்கோ அது வறுமை, பார்க்காமலே போன அந்தக் கடற்கரை. ஒரே காட்சியில் இரண்டு அழுகை ஓடுவதால்தான் அது அவ்வளவு கனக்கிறது.

இந்தத் தொடரின் உச்சம் எது என்று கேட்டால் ஷிபுயாவில் நடக்கும் சண்டைப் பகுதி என்று பெரும்பாலானவர்கள் சொல்வார்கள். நான் எட்டு, ஒன்பதாம் தொகுதிகளைச் சொல்வேன். 2006ல் நடக்கும் கடந்தகாலக் கதை, அதாவது கொஜோவும் கெதோவும் பள்ளியில் இருந்த காலம். வலியவர்கள் எளியவர்களைக் காக்கவே இருக்கிறார்கள் என்று பாடம் நடத்துபவன் அங்கே கெதோ. அதைக் கேட்டுச் சலித்துக்கொள்பவன் கொஜோ. ரிகோ என்ற பள்ளிச் சிறுமியைக் காவல் காக்கும் வேலை இருவருக்கும் வருகிறது. எல்லோரோடும் இன்னும் இருக்க வேண்டும் போல இருக்கிறது என்று அவள் வாய்விட்டுச் சொல்கிறாள். கெதோ கை நீட்டுகிறான். அவள் பற்றுவதற்குள் கூலிக்கொலையாளி தோஜியின் துப்பாக்கி வெடிக்கிறது. பிறகு கொஜோ அவள் உடலைத் தூக்கிக்கொண்டு நிற்க, சுற்றிலும் அவள் சாவை வேண்டியிருந்த மதக்குழுவினர் புன்னகையோடு கைதட்டுகிறார்கள். இவர்களைக் கொன்றுவிடலாமா என்று கொஜோ கேட்கிறான். வேண்டாம், அதில் அர்த்தமில்லை என்று தடுப்பவன் கெதோ.

தடுத்தவன்தான் அடுத்த ஆண்டு செப்டம்பரில் ஒரு கிராமத்தில் 112 பேரைக் கொல்கிறான். அந்த ஒரு வருடத்தை அகுதாமி எப்படி வரைகிறார் என்று பாருங்கள். பெரிய சண்டை எதுவும் கிடையாது. சாபப் பிறவிகளை உருண்டையாக்கி விழுங்குவது கெதோவின் நுட்பம். வாந்தியைத் துடைத்த துணியை விழுங்குவது போல அதன் சுவை, அதை யாரும் அறிய மாட்டார்கள் என்று அவன் நினைத்துக்கொள்கிறான். யாருக்காக விழுங்குகிறோம் என்ற கேள்வி ஒவ்வொரு விழுங்கலோடும் உள்ளே போகிறது. கைதட்டல் ஓயவில்லை. ஹைபாரா செத்து வருகிறான். அந்த உடலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் இளம் நனாமி, இனி எல்லாவற்றையும் கொஜோ ஒருவரிடமே விட்டுவிடலாமே என்று கசப்போடு சொல்கிறான். கொஜோவோ தனியாக எல்லாம் செய்ய முடிகிற அளவுக்கு வளர்ந்துவிட்டான், நண்பன் மெலிவதைப் பார்க்கவில்லை. கடைசியில் கூண்டில் அடைத்த இரண்டு சிறுமிகளைக் கெதோ பார்க்கிறான், அவ்வளவுதான். இது அசைவு. ஒரு குணம் நம் கண்ணெதிரில் படிப்படியாகச் சரிகிறது, எந்தப் படியிலும் நாம் “இங்கே நீ தவறினாய்” என்று விரல் வைக்க முடிவதில்லை. அவன் செய்தது கொடுமை என்பதிலும் மாற்றமில்லை. இந்த இரண்டையும் ஒன்றாகத் தாங்கும் பக்கங்கள் சண்டையை மையமாகக் கொண்ட மங்காக்களில் அரிது. உங்கள் விமர்சனத்துக்கு ஓர் உரைகல் வேண்டுமென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். மற்ற எல்லாச் சோகத்தையும் இதில் உரசிப் பார்க்கலாம்.

உரசிப் பார்த்தால் ஜுன்பெயின் கதை நிற்கிறது. பள்ளியில் அவமானப்பட்டு, நெற்றித் தழும்பை முடியால் மூடிக்கொண்டு திரியும் அந்தப் பையன் முழுக்க இளிவில் உருவானவன். அவனை மதிப்பது போலப் பேசும் முதல் ஆள் மஹிதோவாக அமைந்துவிட்டதே அவனுடைய விதி. மாய், மாகி இரட்டையரின் 149ம் அத்தியாயமும் நிற்கிறது, அங்கே பெரிதும் உதவுவது ஒரு விதி. சூனியத்தின் கணக்கில் இரட்டையர் இருவரும் ஒரே ஆள். ஒருத்தி துளி ஆற்றலோடு இருக்கும்வரை மற்றவளின் பலம் முழுமையாகாது. தங்கை மாய் அந்த ஆற்றலை எடுத்துக்கொண்டு செத்துப்போனால் அக்கா மாகிக்கு வழி திறக்கும். எல்லாவற்றையும் அழித்துவிடு என்று கேட்டுவிட்டு அவள் போகிறாள். விலையை முன்பே சொல்லிவிட்டு, பிறகு அதை வசூலிக்கும் எழுத்து இது. படிக்கிறவரை ஏமாற்றாமல் அழவைப்பதற்கு இதைவிட நேர்மையான வழி எனக்குத் தெரியவில்லை.

யுஜியின் உடலுக்குள் குடியிருந்து, சில நேரம் அதைத் தன் வசமாக்கிக்கொள்ளும் சாபங்களின் அரசன் சுகுனாவைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அவனுக்குப் போதுமான பின்கதை இல்லை என்ற குறையைப் பல விமர்சனங்களில் பார்க்கிறேன். 720ல் முடிந்த நிஹோன் ஷோகி என்ற பழைய வரலாற்று நூலில் வரும் இரண்டு முகமும் நான்கு கையும் கொண்ட உருவத்தின் பெயர் அது. அகுதாமி அவனை ஒரு பேரிடர் மாதிரி வைத்திருக்கிறார். புயலுக்குக் காரணம் கேட்க முடியாது. ஷிபுயாவில் யுஜி கண் விழித்து, தன் கையால் நகரத்தின் ஒரு பகுதியே தரைமட்டமானதைப் பார்க்கும்போது அந்தக் காரணமின்மைதான் அவனை உடைக்கிறது. மஹிதோ வேறு வகை. மனிதர்கள் மனிதர்கள் மேல் கொண்ட வெறுப்பிலிருந்து பிறந்தவன் என்பதால், நீயும் நானும் ஒன்று என்று அவன் யுஜியிடம் சொல்லும்போது அதை முழுப் பொய் என்று தள்ள முடிவதில்லை.

இனி உங்களுக்கு வராத அழுகை. ஷிபுயாவுக்குப் பின் தொடங்கும் களையெடுப்பு ஆட்டம் என்ற கொலைப் போட்டியில் விதிகள் பெருகுகின்றன, பாத்திரங்கள் குவிகிறார்கள். அங்கே மிகப் பெரிய அவலம் யுஜியின் வகுப்புத் தோழன் மெகுமியினுடையது. அக்கா த்சுமிகியைக் காப்பாற்றத்தான் அவன் அந்த ஆட்டத்துக்குள் போனான். அவள் உடலில் வேறொருத்தி குடியேறிவிட்டாள் என்று தெரிந்த கையோடு அவன் உடலைச் சுகுனா பிடித்துக்கொள்கிறான். அப்புறம் அவனுடைய நுட்பத்தைக் கொண்டே அக்காவின் உடல் கொல்லப்படுகிறது. தாளில் எழுதினால் இதைவிடக் கொடிய கதை இந்தத் தொடரிலேயே இல்லை. ஆனால் மெகுமியின் பக்கம் நின்று இதைப் பார்க்க நமக்குக் கிடைக்கும் பக்கங்கள் மிகக் குறைவு. உள்ளே மூழ்கிக் கிடக்கிறான் என்று சொல்லப்படுகிறது, ஒரு சில பேனல்களில் காட்டப்படுகிறது, மேலே சண்டை ஓடிக்கொண்டே இருக்கிறது. கெதோவுக்குக் கிடைத்த ஒரு வருடம் மெகுமிக்குக் கிடைக்கவில்லை. அசைவாக வந்திருக்க வேண்டியது செய்தியாகச் சுருங்கிவிட்டது. இதைச் சரிவு என்றே நான் எழுதுவேன், தயக்கம் இல்லை.

அவர்களுடைய வகுப்புத் தோழி நொபாராவையும் இங்கே சேர்க்கலாம். 125ம் அத்தியாயத்தில் விழுந்தவள் பிழைத்தாளா இல்லையா என்பது 267ம் அத்தியாயம் வரை தொங்கியது. வாரந்தோறும் படித்தவர்களுக்கு அது ஏறக்குறைய நான்கு ஆண்டு. அழவும் விடாமல், நம்பவும் விடாமல் ஒரு வாசகனை அவ்வளவு காலம் நிறுத்தி வைத்தால் அவன் அந்தப் பாத்திரத்திடமிருந்து மெல்ல விலகிக்கொள்வான். மரத்துப்போதல் என்று நீங்கள் சொல்வதில் ஒரு பங்கு அதுவாக இருக்கலாம்.

கொஜோவின் விஷயத்தில் என் கருத்து இவ்வளவு உறுதியானது இல்லை. 235ம் அத்தியாயம் சுகுனாவோடு நடக்கும் சண்டையில் அவன் வென்றுவிட்டது போல முடிகிறது. 2023 செப்டம்பரில் வந்த 236ம் அத்தியாயம் ஒரு விமான நிலையத்தில் திறக்கிறது. இறந்த நண்பர்கள் எல்லாம் பள்ளிக்காலம் போல உட்கார்ந்து பேசுகிறார்கள். அவனைக் கொன்ற வெட்டு நமக்குக் காட்டப்படுவதில்லை, பிறகு சுகுனா விளக்குகிறான். காட்டாமல் விட்டது வாசகருக்குச் செய்த துரோகம் என்று கொதித்தவர்கள் உண்டு. வெட்டைக் காட்டாததில் எனக்குக் கோபமில்லை. கவனிக்க வேண்டியது, அந்தக் காட்சியில் கொஜோ நிறைவாக இருக்கிறான் என்பது. தன்னை வழியனுப்பியவர்களில் கெதோவும் இருந்திருந்தால் முழுத் திருப்தியாக இருந்திருக்கும் என்று அவனிடமே சொல்கிறான், அதற்கு மேல் அவனுக்குக் கேட்கத் தெரியவில்லை. சாகிறவன் குறையில்லாமல் போனால் அழுகைக்கு அங்கே பிடிமானம் குறைவு. தொல்காப்பியத்தின் நான்கில் அவன் பக்கத்தில் எதுவும் நிற்பதில்லை. ஆக, உங்களுக்கு அங்கே அழுகை வராதது உங்கள் குறையாக இருக்க வேண்டியதில்லை. அந்தக் காட்சி அழுகைக்காக எழுதப்படவில்லை என்பது என் வாசிப்பு. வாசிப்புதான், ஆசிரியரின் மனதுக்குள் புகுந்து பார்த்துச் சொல்வதில்லை.

இழவு இருந்திருக்க வேண்டியது பிழைத்தவர்களிடம். அவன் வளர்த்த பிள்ளைகள் அந்தச் சண்டையைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார்கள். அடுத்த நொடியே கஷிமோ என்ற இன்னொரு சூனியன் களத்தில் குதிக்கிறான், அடுத்த சண்டை தொடங்குகிறது, அப்புறம் அடுத்தது. துக்கப்பட நேரமில்லை என்பதே போரின் இயல்பு, அதைத்தான் அகுதாமி காட்டுகிறார் என்று ஒருவர் வாதிடலாம். அந்த வாதத்தை நான் மதிக்கிறேன். 268ம் அத்தியாயத்தில் கொஜோவின் கடிதத்தைப் படித்து மெகுமி சிரிக்கும் இடம் அதற்கு ஒரு நல்ல சாட்சி. உன் அப்பாவைக் கொன்றது நான்தான் என்று வேடிக்கை போல எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறான் வாத்தியார். அந்தச் சிரிப்புக்குள் அழுகை இருக்கிறது. ஆனால் 32 அத்தியாயம் தாமதமாக வரும் ஒரு சிரிப்பு அத்தனை பேருடைய இழப்பையும் தாங்குமா? எனக்குத் தாங்கவில்லை.

இதற்கு வாரப் பத்திரிகையின் ஓட்டம் எவ்வளவு காரணம்? ஒவ்வொரு வாரமும் 19 பக்கத்தின் முடிவில் ஒரு கொக்கி வேண்டும் என்ற நெருக்கடி இருக்கும்போது, ஒன்றுமே நடக்காத ஒரு பக்கத்தை வரைவது பெரிய ஆடம்பரம். இழவு வீட்டில் ஒன்றும் நடக்காது, அதுதான் இழவு. பிற்பகுதியில் கோடுகள் அவசரமாக இருப்பதையும், பின்னணி வெறுமையாகப் போவதையும் கண்ணால் பார்க்கலாம். ஆனால் உடல்நலம், பத்திரிகை நெருக்கடி, ஆசிரியரின் விருப்பம் ஆகியவற்றில் எது எவ்வளவு என்று வெளியிலிருந்து யாராலும் பிரிக்க முடியாது. “அவசரமாக முடித்தார்” என்று விமர்சனத்தில் தீர்ப்பாக எழுதிவிடாதீர்கள். பக்கத்தில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பதை மட்டும் எழுதினால் அதை யாரும் மறுக்க முடியாது.

வாசகர் மரத்துப்போவதும் உண்மைதான், அதைச் சோதிக்க ஒரு வழி உண்டு. ஒரு மாதம் தொடரைத் தொடாமல் இருந்துவிட்டு, கெதோவின் 77ம் அத்தியாயத்தையும் கொஜோவின் 236ம் அத்தியாயத்தையும் மட்டும் ஒரே நாளில் படியுங்கள். இரண்டுமே அசையாமல் கிடந்தால் உங்களுக்குச் சலித்துவிட்டது, விமர்சனத்தைத் தள்ளிப்போடுங்கள். கெதோ இன்னும் நெஞ்சை அழுத்தி, கொஜோ அழுத்தாமல் போனால் காரணம் பக்கத்தில் இருக்கிறது. எந்தப் பேனலில் அழுத்தம் தொடங்கியது என்று பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் கட்டுரையின் முதல் பத்தி அங்கே கிடைக்கும்.

எழுதும்போது சாவுகளை வரிசையாக அடுக்காதீர்கள், கதைச்சுருக்கம் விமர்சனத்தைத் தின்றுவிடும். இரண்டு சாவு போதும், நீங்களே கேள்வியில் எடுத்த அந்த இரண்டும். கடைசி அத்தியாயத்துக்கும் கொஞ்சம் இடம் வையுங்கள். செத்த பிறகு சுகுனா மஹிதோவிடம், வேறு மாதிரி வாழத் தனக்கும் வாய்ப்பு இருந்தது என்று ஒப்புக்கொண்டு, தன் பணியாள் உராஉமேயோடு நடந்து போகும் அந்தச் சில பக்கங்களில் எந்தச் சண்டையும் இல்லை, எந்த விளக்கமும் இல்லை. காரணம் கேட்க முடியாது என்று நான் சொன்ன அந்தப் புயலுக்கே அங்கே ஓர் ஏக்கம் முளைக்கிறது. அதைப் படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது, உங்களுக்கு என்ன ஆயிற்று என்று நீங்கள் சொல்லவே இல்லையே.